சந்தையின் வாசலை அடைக்கும் ஏகபோகம்

பொருட்களின் விலை ஏறும் போதெல்லாம் நமது பாராளுமன்ற விவாதங்களிலும் பத்திரிகைச் செய்திகளிலும் தவறாது ஒலிக்கும் சொல் 'ஏகபோகம்' என்பதாகும். அரிசியின் விலை உயர்ந்தால் ஆலை உரிமையாளர்களின் ஏகபோகம் என்கின்றோம். சமையல் எரிவாயு கிடைக்காவிடின் இறக்குமதியாளரின் ஏகபோகம் என்கின்றோம். சந்தியிலுள்ள ஒரே மருந்துக் கடைக்காரர் விலையைக் கூட்டிச் சொன்னாலும் அதே சொல்லையே பயன்படுத்துகின்றோம். அளவுக்கு மீறிப் புழங்கும் நாணயம் தேய்ந்து போவதைப் போன்று, எல்லாவற்றுக்கும் பயன்படுத்தப்படும் சொல்லும் தனது பொருளை இழந்துவிடுகின்றது. நோயின் பெயரைத் தவறாகச் சொன்னால் மருந்தும் தவறிவிடும். ஆகவே ஏகபோகம் என்பது உண்மையில் எதனைக் குறிக்கின்றது, அது எவ்வாறு உருவாகின்றது, அதனால் யாருக்கு என்ன இழப்பு ஏற்படுகின்றது என்பவற்றைச் சற்று நிதானமாக நோக்குவது பயனுடையதாகும்.

ஏகம் என்றால் ஒன்று. போகம் என்றால் அனுபவிப்பு. பலருக்கு உரித்தாக வேண்டியதை ஒருவரே அனுபவித்தல் என்பதே இச்சொல்லின் நேர்ப்பொருள். நமது உயர்தர வகுப்பு மாணவர்கள் பொருளியல் பாடத்தில் இதனைத் 'தனியுரிமை' என்று கற்கின்றனர். ஒரு சந்தையில் ஏகபோகம் நிலவுகின்றது என்று கூறுவதற்கு மூன்று நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். முதலாவது, பொருளை விற்பவர் ஒருவராக இருத்தல். இரண்டாவது, அப்பொருளுக்கு நெருங்கிய மாற்றீடு இல்லாதிருத்தல். மூன்றாவது, வேறொருவர் அச்சந்தைக்குள் நுழைய முடியாதவாறு ஏதோவொரு தடை இருத்தல். இம்மூன்றனுள் முதலாவதையே நாம் பெரும்பாலும் காண்கின்றோம். ஆனால் ஏகபோகத்தின் உயிர்நிலை மூன்றாவதிலேயே தங்கியுள்ளது.

ஒரு கிராமத்தில் ஒரேயொரு பலசரக்குக் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். கடைக்காரர் சீனியின் விலையை நியாயமற்ற முறையில் உயர்த்தினால் ஊரார் சில நாட்கள் பொறுப்பர். பின்னர் பஸ்ஸில் பட்டணத்துக்குப் போகும் ஒருவரிடம் சொல்லி வாங்குவிப்பர். அல்லது அடுத்த தெருவில் இன்னொருவர் தமது வீட்டு முன்றிலிலேயே சிறுகடை ஒன்றைத் திறந்துவிடுவார். இந்த அச்சமே முதற் கடைக்காரரைக் கட்டுப்படுத்துகின்றது. அவர் ஒருவரே வியாபாரி. ஆயினும் அவரிடம் இருப்பது ஏகபோகமன்று. இன்னொரு கடை திறக்க அனுமதி வழங்கும் அதிகாரம் அவரது உறவினரிடம் இருக்குமாயின், அல்லது மொத்த வியாபாரிகள் வேறெவருக்கும் சரக்கு வழங்குவதில்லை என அவருடன் உடன்பட்டிருப்பாராயின் நிலைமை முற்றாக மாறிவிடும். அப்போது சந்தையின் வாசல் அடைபட்டுவிடுகின்றது. ஏகபோகம் என்பது கடைகளின் எண்ணிக்கை பற்றிய விடயமன்று. அந்த வாசலின் திறவுகோல் யாரிடம் இருக்கின்றது என்பது பற்றிய விடயமாகும்.

கறுவா கற்பிக்கும் பாடம்

இதனை விளங்கிக்கொள்ள நாம் வெளிநாட்டு உதாரணங்களைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை. உலக வணிக வரலாற்றில் மிகவும் கடுமையாகக் காக்கப்பட்ட ஏகபோகங்களுள் ஒன்று நமது நாட்டின் கறுவாவின் மீதே நிறுவப்பட்டது.

போர்த்துக்கேயர் வருவதற்கு முன்னர் இலங்கையின் கறுவாவைச் செங்கடலுக்கும் பாரசீக வளைகுடாவுக்கும் கொண்டு செல்வதில் முஸ்லிம் வணிகர்கள் முக்கிய பங்கு வகித்தனர். அச்சந்தையைத் தமதாக்கிக்கொள்ள விரும்பிய போர்த்துக்கேயர், போட்டியாளரை அகற்றும் வழியையே நாடினர். 1626ஆம் ஆண்டளவில் தமது ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை அவர்கள் வெளியேற்றியமையும், கண்டி மன்னன் செனரத் அவர்களுள் ஒரு பகுதியினரைக் கிழக்குக் கரையில் குடியமர்த்தியமையும் வரலாறாகும். சமயப் பகைமை இதற்கு ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் சந்தைப் போட்டியும் அதனுடன் பின்னிப் பிணைந்திருந்தது என்பதை மறந்துவிடலாகாது.

பின்னர் போர்த்துக்கேயரை விரட்டுவதற்காக இரண்டாம் இராஜசிங்க மன்னன் 1638இல் ஒல்லாந்தருடன் உடன்படிக்கை செய்துகொண்டான். அவர்களது படையுதவிக்குப் பிரதியாகக் கறுவா வணிகத்தின் தனியுரிமை வழங்கப்பட்டது. இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏகபோகம் சந்தையில் இயல்பாக முளைத்ததன்று. அது ஓர் அரசனால் விலையாகக் கொடுக்கப்பட்டது. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி 1656இல் கொழும்பையும் 1658இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றியபின் அந்த உரிமையைச் சுற்றி மதில்மேல் மதிலாக எழுப்பத் தொடங்கியது.

முதல் மதில் மரத்தைச் சுற்றி எழுந்தது. ஒருவரது சொந்தக் காணியில் தானாக முளைத்த கறுவா மரம் கூடக் கம்பனிக்கே உரியதாயிற்று. அனுமதியின்றிக் கறுவா மரத்தை வெட்டுவதும் பட்டையைக் களவாக விற்பதும் மரண தண்டனைக்குரிய குற்றங்களாக்கப்பட்டன. இரண்டாவது மதில் உழைப்பைச் சுற்றி எழுந்தது. பட்டை உரிக்கும் தொழிலை மரபுவழிச் செய்துவந்த சலாகம சமூகத்தினர் ஆண்டுதோறும் குறித்த அளவு கறுவாவைக் கடமையாக ஒப்படைக்க வேண்டியிருந்தது. சுமை தாளாது கண்டி இராச்சியத்துக்குத் தப்பியோடியோர் பலர். மூன்றாவது மதில் கடலின் மீது எழுந்தது. துறைமுகங்களில் வந்து போகும் தோணிகளுக்குக் கம்பனியின் அனுமதிச் சீட்டு அவசியமாயிற்று. நான்காவது மதில் அயல்நாட்டில் எழுந்தது. 1663இல் ஒல்லாந்தர் கொச்சியைக் கைப்பற்றியமைக்கு மிளகு வணிகம் முதன்மைக் காரணமாக இருந்தபோதிலும், மலையாளக் கரையில் கிடைத்த மலிவான காட்டுக் கறுவா ஐரோப்பியச் சந்தையில் போட்டியாக வராமல் தடுப்பதும் அவர்களது நோக்கங்களுள் ஒன்றாகும்.

இறுதி மதில் நுகர்வோரின் வாசலிலேயே எழுந்தது. விலை விழுந்துவிடக் கூடாது என்பதற்காகக் கம்பனி ஐரோப்பாவுக்கு அனுப்பும் அளவைக் கட்டுப்படுத்தியது. 1760ஆம் ஆண்டு அம்ஸ்டர்டாம் நகரில் பெருந்தொகையான கறுவா தீயிட்டு எரிக்கப்பட்டதை நேரிற் கண்ட பிரெஞ்சு அறிஞர் ஒருவர் பதிவு செய்துள்ளார். இங்கே ஒருவன் உயிருக்குப் பயந்து காட்டில் உரித்துக் கொடுத்த பட்டை, கடல் கடந்து சென்று, எவரது அடுப்படிக்கும் போய்ச் சேராமல் சாம்பலாயிற்று. ஏகபோகத்தின் தர்க்கத்தை இதைவிடத் தெளிவாக விளக்கும் காட்சி வேறொன்றில்லை. பொருளை அழிப்பது போட்டிச் சந்தையில் பைத்தியக்காரத்தனம். ஏகபோகச் சந்தையிலோ அது கணக்கு.

கறுவாவுடன் இது நின்றுவிடவில்லை. 1670களில் பாக்கு ஏற்றுமதி, துணி இறக்குமதி போன்றவற்றையும் கம்பனி தனது கைக்குள் கொண்டுவந்தது. அதுவரை சோழமண்டலக் கரையிலிருந்து முஸ்லிம் வணிகரும் செட்டி வணிகரும் அரிசியையும் துணியையும் கொண்டுவந்து, திரும்பிச் செல்லும்போது பாக்கு ஏற்றிச் செல்வது வழக்கமாக இருந்தது. திரும்பும் பயணத்துக்குச் சரக்கு இல்லையெனில் வரும் பயணமும் கட்டுபடியாகாது. எனவே அரிசித் தோணிகளின் வரவு குறைந்தது. பாக்கின் மீது விதிக்கப்பட்ட தடை அரிசித் தட்டுப்பாடாக மக்களின் வயிற்றில் விழுந்தது. ஒரு பொருளின் மீதான ஏகபோகம் அப்பொருளுடன் நின்றுவிடுவதில்லை என்பதற்கு இது தக்க சான்றாகும்.

ஆங்கிலேயர் 1796இல் கொழும்பைக் கைப்பற்றியபோது இந்த ஏகபோகத்தையும் சேர்த்தே சுவீகரித்துக்கொண்டனர். கோல்புறூக் ஆணைக்குழுவின் சிபாரிசின் பேரில் 1833இல்தான் அது ஒழிக்கப்பட்டது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. உயர்ந்த விலை பிற நாட்டவருக்கு ஊக்கம் அளித்திருந்தது. ஜாவாவில் கறுவாத் தோட்டங்கள் எழுந்தன. கசியா எனப்படும் மலிவான பட்டை சந்தையைப் பிடித்தது. ஏகபோகம் ஒழிந்த பின்னரும் அரசாங்கம் அறவிட்ட கடும் ஏற்றுமதித் தீர்வை நிலைமையை மேலும் மோசமாக்கியது. தரத்தில் சிறந்த கறுவாவை உற்பத்தி செய்யும் நாடு என்ற பெயர் இன்றும் நமக்கு உண்டு. உண்மைக் கறுவாவின் உலக ஏற்றுமதியில் பெரும்பங்கு நம்முடையதே. எனினும் நாம் விரும்பிய விலையை நிர்ணயிக்க முடிவதில்லை. ஏனெனில் கசியா என்ற மாற்றீடு உண்டு. பெரும்பங்கை வைத்திருப்பது மட்டும் ஏகபோகம் ஆகிவிடாது என்பதையும் அதே கறுவாவே நமக்குக் கற்பிக்கின்றது.

விலை ஏன் ஏறுகின்றது?

ஏகபோக உரிமையாளர் தாம் நினைத்த விலைக்கு விற்கலாம் என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. விலையை உயர்த்தினால் வாங்குவோர் தொகை குறையும் என்ற விதி அவரையும் கட்டுப்படுத்தும். அவர் தேடுவது மிக உயர்ந்த விலையையன்று. மிகக் கூடிய இலாபத்தைத் தரும் விலையையேயாகும். இதனை ஒரு கற்பனைக் கணக்கின் மூலம் விளக்கலாம்.

ஒரு சிறு தீவுக்குப் படகுச் சேவை நடத்தும் உரிமை ஒருவருக்கே வழங்கப்பட்டுள்ளதெனக் கொள்வோம். ஒரு பயணியை ஏற்றி இறக்க அவருக்கு 50 ரூபா செலவாகின்றது. கட்டணம் 100 ரூபாவாயின் நாளொன்றுக்கு 100 பேர் பயணம் செய்வர். இலாபம் 5,000 ரூபா. கட்டணத்தை 150 ரூபாவாக உயர்த்தினால் பயணிகள் 80 பேராகக் குறைவர். ஆனால் இலாபம் 8,000 ரூபாவாக உயரும். பேராசையால் 200 ரூபா கேட்டால் 50 பேரே வருவர். இலாபம் 7,500 ரூபாவாக வீழ்ந்துவிடும். ஆகவே அவர் 150 ரூபாவிலேயே நிற்பார். இன்னும் இரண்டு படகுகளுக்கு அனுமதி கிடைக்குமாயின், ஒருவர் 120 என்பார். மற்றவர் 90 என்பார். கட்டணம் படிப்படியாகச் செலவை அண்மித்து இறங்கும்.

இங்கு 80 பயணிகள் கூடுதலாகக் கொடுத்த பணத்தைப் பற்றியே நாம் வழமையாகப் பேசுகின்றோம். அது கசப்பானதுதான், ஆனால் அப்பணம் ஒரு சட்டைப் பையிலிருந்து இன்னொரு சட்டைப் பைக்குச் செல்கின்றது, நாட்டைவிட்டு மறைந்து போவதில்லை. உண்மையான இழப்பு கரையிலேயே நின்றுவிட்ட அந்த 20 பேருடையதாகும். அவர்களை ஏற்றிச் செல்ல 50 ரூபாவே செலவாகும். அவர்கள் 100 ரூபா கொடுக்கவும் ஆயத்தமாக இருந்தனர். ஆயினும் பயணம் நிகழவில்லை. அவர்களுள் வைத்தியசாலைக்குப் போக வேண்டிய முதியவர் ஒருவர் இருக்கலாம். பட்டணத்து வகுப்புக்குச் செல்லும் மாணவி ஒருத்தி இருக்கலாம். அவர்கள் இழந்ததை படகுக்காரரும் பெறவில்லை, எவருமே பெறவில்லை. பொருளியலாளர் ஏகபோகத்தைக் கண்டிப்பதற்கு முதற் காரணம் அதன் இலாபமன்று. நிகழாமற் போன இந்தப் பயணங்களேயாகும்.

கை மாறினால் போதுமா?

ஏகபோகம் அரசிடம் இருந்தால் நன்று, தனியாரிடம் இருந்தால் தீது என்பார் ஒரு சாரார். இதற்கு நேர்மாறாகக் கூறுவார் மறு சாரார். நமது அனுபவம் இரு சாராருக்கும் முழுமையாகத் துணை நிற்கவில்லை.

தொலைபேசிச் சேவையை எடுத்துக்கொள்வோம். அரச திணைக்களமாக இருந்த அச்சேவை 1991இல் ஸ்ரீலங்கா டெலிகொம் கூட்டுத்தாபனமாக மாற்றப்பட்டது. 1996இல் கம்பியில்லா முறையில் வீட்டுத் தொலைபேசி வழங்க மேலும் இரு நிறுவனங்களுக்கு அனுமதி அளிக்கப்பட்டது. 1997இல் டெலிகொம்மின் 35 சதவீதப் பங்குகளை ஜப்பானின் என்.டி.டி. நிறுவனம் வாங்கியது. ஆனால் வெளிநாட்டு அழைப்புகளைக் கையாளும் தனியுரிமை 2002 ஆகஸ்ட் வரை டெலிகொம்மிடமே இருந்தது. உள்ளூரில் போட்டி, வெளிநாட்டு வாசலிலோ ஒரே காவலர்.

அந்நாட்களில் வெளிநாட்டு அழைப்பு என்பது எத்தகைய ஆடம்பரமாக இருந்தது என்பதை நாற்பது வயதைத் தாண்டிய வாசகர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. மகன் கனடாவிலும் மகள் ஜேர்மனியிலும் இருந்த பெற்றோரும், மனைவி சவூதியில் பணிப்பெண்ணாக இருந்த கணவரும் தொலைத்தொடர்பு நிலையங்களின் சிறு கூண்டுகளுக்குள் நின்று, ஓடும் மீற்றரில் ஒரு கண் வைத்தபடியே பேசினர். சுகம் விசாரிப்பதற்குள் பணம் தீர்ந்துவிடும். 2003இல் பல நிறுவனங்களுக்கு வெளிநாட்டு அழைப்புகளைக் கையாளும் அனுமதி வழங்கப்பட்டதும் கட்டணங்கள் பெருமளவில் வீழ்ந்தன. கம்பியும் கருவியும் ஓரிரவில் மலிவாகிவிடவில்லை. மாறியது வாசல் மட்டுமே. மேற்கூறிய 20 பயணிகளைப் போன்று, அதற்கு முன்னர் பேசப்படாமலே போன உரையாடல்கள் எத்தனை என்பதை எந்த ஐந்தொகையும் காட்டப்போவதில்லை.

சமையல் எரிவாயுவின் கதையும் இத்தகையதே. 1995இல் கொழும்பு எரிவாயுக் கம்பனியின் 51 சதவீதப் பங்குகள் ஷெல் நிறுவனத்துக்கு விற்கப்பட்டபோது ஐந்தாண்டு காலத் தனியுரிமையும் சேர்த்தே வழங்கப்பட்டது. அக்காலம் முடிந்த பின்னரே லாப்ஸ் நிறுவனம் இரண்டாவது விநியோகத்தராகச் சந்தைக்குள் வந்தது. 2010இல் அரசாங்கம் ஷெல்லின் பங்குகளைத் திரும்ப வாங்கியது. அதுவே லிட்ரோ ஆயிற்று. அரசிடமிருந்து தனியாருக்கும் தனியாரிடமிருந்து அரசுக்கும் உரிமை கைமாறிய போதிலும், இரண்டுக்கு மேற்பட்ட வாசல்கள் திறக்கப்படவில்லை. 2022இல் சிலிண்டர்களுடன் மக்கள் வீதியோரங்களில் இரவு பகலாகக் காத்து நின்றமைக்கு மூலகாரணம் அந்நியச் செலாவணி நெருக்கடி என்பது உண்மையே. ஆனால் ஒருவரிடமோ இருவரிடமோ தங்கியிருக்கும் சந்தையில், அவர்கள் தடுமாறினால் நுகர்வோருக்குத் திரும்பிப் பார்க்க வேறு திசை இல்லை என்பதையும் அவ்வரிசைகள் உணர்த்தின.

தனியார்மயப்படுத்தும் அரசாங்கங்கள் தனியுரிமைக் காலத்தையும் சேர்த்து விற்பது ஏன்? தனியுரிமையுடன் விற்றால் கூடிய விலை கிடைக்கும் என்பதாலேயாகும். திறைசேரிக்கு அன்று கிடைக்கும் அந்த மேலதிகப் பணத்தைப் பின்னர் ஆண்டுக்கணக்கில் செலுத்துவது நுகர்வோரே. 1638இல் கண்டி மன்னன் செய்ததும் இதைத்தான்.

வாங்குபவரும் ஒருவரே என்றால்...

ஏகபோகத்தை நாம் எப்போதும் விற்பவர் பக்கத்திலேயே தேடுகின்றோம். வாங்குபவர் ஒருவராக இருக்கும் சந்தையும் உண்டு. சலாகம சமூகத்தினருக்கு நேர்ந்தது அதுவே. அவர்களது உழைப்புக்கும் பட்டைக்கும் கம்பனியைத் தவிர வேறு கொள்வனவாளர் இல்லை.

இன்றைய விவசாயிகளுக்கும் மீனவர்களுக்கும் இது புதிதன்று. அம்பாறையிலோ வன்னியிலோ அறுவடை முடிந்த கையோடு ஈர நெல்லை வைத்துக்கொண்டு நிற்கும் விவசாயியிடம் களஞ்சியம் இல்லை. கடன்காரருக்குத் தவணை சொல்லியாயிற்று. அவ்வூருக்கு லொறி கொண்டுவரும் வியாபாரி ஒருவரே என்றால் அவர் சொல்வதே விலை. படகுக்கும் வலைக்கும் முற்பணம் கொடுத்தவருக்கே மீனைக் கொடுக்க வேண்டிய மீனவரின் நிலையும் இதுவே. இங்கு வாசலை அடைப்பது சட்டமன்று, கடன். 1971ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட நெல் சந்தைப்படுத்தும் சபை போன்ற அமைப்புகளின் பயன், முழு விளைச்சலையும் வாங்குவதில் மட்டும் தங்கியிருக்கவில்லை. இன்னொரு கொள்வனவாளர் அருகில் இருக்கின்றார் என்ற நிலையே விவசாயிக்குப் பேரம் பேசும் பலத்தைத் தருகின்றது. ஆனால் அவர் அறுவடைக்கு முன்னரே வர வேண்டும். வியாபாரி வாங்கி முடித்த பின்னர் வந்து பயனில்லை.

எல்லா ஏகபோகமும் தீங்கானதா?

இல்லை. ஒரே வீதியில் மூன்று நிறுவனங்கள் மூன்று வரிசை மின்கம்பங்களை நடுவதும், மூன்று குழாய்களில் குடிநீர் கொண்டுவருவதும் வீண்செலவாகும். ஒரு வலையமைப்பே போதும் என்ற இத்தகைய துறைகளை இயற்கைத் தனியுரிமை என்பர். அங்கு போட்டிக்குப் பதிலாகக் கண்காணிப்பு வேண்டும். 2002ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு அமைக்கப்பட்டதன் நோக்கம் இதுவே. புதிய கண்டுபிடிப்புக்கு வழங்கப்படும் ஆக்கவுரிமையும் ஒரு தற்காலிக ஏகபோகமே. உழைத்துக் கண்டுபிடித்தவருக்கு 20 ஆண்டுகள் வழங்கிவிட்டுப் பின்னர் வாசலைத் திறந்துவிடுவது அதன் தத்துவம்.

ஏகபோகத்தை மக்களுக்காகவே பயன்படுத்திய முயற்சி ஒன்றும் நம் நாட்டில் உண்டு. பேராசிரியர் சேனக பிபிலேயும் டாக்டர் எஸ்.ஏ.விக்கிரமசிங்கவும் அளித்த அறிக்கையின் அடிப்படையில் 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டது. அத்தியாவசிய மருந்துகளின் பட்டியல் ஒன்று வகுக்கப்பட்டு, வணிகப் பெயர்களுக்குப் பதிலாக மருந்துகளின் இரசாயனப் பெயரில் உலகளாவிய கேள்விப்பத்திரம் கோரி, முழு நாட்டுக்குமான மருந்துகளை ஒரே கொள்வனவாளராக நின்று வாங்கும் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. பல மருந்துகளின் விலை இதனால் வெகுவாகக் குறைந்தது. உலகெங்கும் பலம் பெற்றிருந்த மருந்துக் கம்பனிகளின் முன்னால், தனித்தனியே நின்றால் பலமற்ற ஒரு சிறிய நாடு, ஒன்றாகச் சேர்ந்து வாங்குவதன் மூலம் பலம் பெற்றது. 1977இன் பின்னர் அந்த இறக்குமதித் தனியுரிமை கைவிடப்பட்ட போதிலும், அது விட்டுச்சென்ற சிந்தனை உலகின் கவனத்தைப் பெற்றது. கம்பனியின் கறுவா ஏகபோகமும் பிபிலேயின் மருந்துக் கொள்வனவும் வடிவத்தில் ஒன்றே. யாருக்காக, யாருக்குப் பதில் சொல்லும் கடப்பாட்டுடன் என்பதிலேயே இரண்டும் வேறுபடுகின்றன.

சட்டம் எங்கே நிற்கின்றது?

சந்தையைச் சிலர் முடக்குவது குறித்து மனித சமுதாயம் நெடுங்காலமாகவே விழிப்புடன் இருந்துள்ளது. வணிகர்கள் கூடிப் பேசிப் பொருளைத் தடுத்து விலையேற்றுவதற்கு அர்த்தசாஸ்திரம் தண்டம் விதிக்கின்றது. விலையேற்றத்தை எதிர்பார்த்து மக்களின் தேவைக்குரிய பொருளைப் பதுக்குவதை இஸ்லாமியச் சட்ட மரபு 'இஹ்திகார்' எனப் பெயரிட்டுக் கண்டிக்கின்றது. நவீன காலத்தில் அமெரிக்கா 1890இல் ஏகபோகத் தடைச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன் கீழ் 1911இல் ஸ்டாண்டர்ட் ஒயில் நிறுவனம் 34 நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டது. இணையத் தேடற் சந்தையில் கூகுள் நிறுவனம் தனது ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகப் பேணியது என 2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதிமன்றமொன்று தீர்ப்பளித்தது. கைத்தொலைபேசிகளில் தனது தேடற்பொறியே முதலில் தோன்ற வேண்டும் என்பதற்காகப் பெருந்தொகை வழங்கப்பட்டமையே அவ்வழக்கின் மையமாகும். மதில் கட்டாமலேயே வாசலை அடைக்கும் புதிய வழி இது.

நமது நாட்டில் 1987ஆம் ஆண்டின் நியாயமான வர்த்தக ஆணைக்குழுச் சட்டம் ஏகபோகங்களையும் நிறுவனங்களின் இணைப்புகளையும் விசாரிக்கும் அதிகாரத்தைக் கொண்டிருந்தது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் அதனை நீக்கி நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையை உருவாக்கியது. போட்டிக்கு எதிரான செயல்களை விசாரிக்கும் ஏற்பாடு புதிய சட்டத்தில் இடம்பெற்ற போதிலும், ஏகபோகங்களையும் நிறுவன இணைப்புகளையும் நேரடியாகக் கட்டுப்படுத்தும் ஏற்பாடுகள் அதில் இடம்பெறவில்லை. இரு பெரிய நிறுவனங்கள் இணைந்து ஒன்றாகும்போது அதனால் நுகர்வோருக்கு என்ன நேரும் என்று முன்கூட்டியே கேட்கும் அதிகாரம் இவ்வாறு கைநழுவிப்போயிற்று.

இதன் விளைவாக விலை ஏறும்போதெல்லாம் அரசாங்கங்களின் கை முதலில் நாடுவது வர்த்தமானியையே. உச்ச சில்லறை விலை அறிவிக்கப்படுகின்றது. அதிகாரிகள் கடைகளைச் சோதனையிடுகின்றனர். அகப்படுபவர் பெரும்பாலும் கிராமத்துச் சில்லறை வியாபாரி. அவர் மொத்த வியாபாரியிடம் வாங்கிய விலையே கட்டுப்பாட்டு விலையை விட அதிகமாக இருந்திருக்கலாம். அவரைத் தண்டிப்பதால் ஆலை வாசலில் எதுவும் மாறுவதில்லை. கட்டுப்பாட்டு விலைக்கு விற்க முடியாதென்று அவர் பொருளை எடுக்காமல் விட்டால், தண்டனை முடிவில் நுகர்வோருக்கே வந்து சேர்கின்றது.

ஆகவே ஏகபோகம் என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் நாம் கேட்க வேண்டிய வினாக்கள் சில உண்டு. இந்தச் சந்தைக்குள் இன்னொருவர் வர முடியாதா? முடியாதெனின் அவரைத் தடுப்பது எது: சட்டமா, அனுமதிப்பத்திரமா, கடனா, களஞ்சியமா, அல்லது சிலரது இரகசிய உடன்பாடா? அந்தத் தடை பொதுநலனுக்கு அவசியமானதா? அவசியமெனின் அதனை வைத்திருப்பவர் யாருக்குக் கணக்குக் காட்டுகின்றார்? இவ்வினாக்களுக்கு விடை காணாமல் ஒருவரைத் திட்டித் தீர்ப்பதாலோ, உரிமையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றுவதாலோ ஏகபோகம் ஒழிந்துவிடாது.

கறுவா மரத்தைத் தொட்டதற்காக மரண தண்டனை விதித்த காலம் மறைந்துவிட்டது. ஆனால் அந்த ஏகபோகத்தை உருவாக்கியது ஒரு கையொப்பமே என்பதை மறக்கலாகாது. இன்றும் தனியுரிமைகள் பெரும்பாலும் கையொப்பங்களாலேயே பிறக்கின்றன. அத்தகைய உடன்படிக்கை ஒவ்வொன்றும் மக்கள் முன் வைக்கப்பட்டு, அது எத்தனை ஆண்டுகளுக்கு, எந்த நிபந்தனையின் பேரில், யாருடைய கண்காணிப்பில் வழங்கப்படுகின்றது என்பது வெளிப்படையாகக் கூறப்படுமாயின், கரையில் விடப்படுவோரின் தொகையையாவது குறைக்க முடியும்.